செய்தவரே உட்கார்ந்திருக்கும் சந்தை

வெளியூர்ப் பயணம் என்றால் நம் திட்டத்தில் கோயில் இருக்கும், கோட்டை இருக்கும், அருவியோ கடற்கரையோ இருக்கும். கடைசி நாள் மாலையில் மிச்சமிருக்கும் இரண்டு மணி நேரத்தில் கடைவீதிக்குப் போய், வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும் ஏதாவது வாங்கிக்கொண்டு ரயிலேறுவோம். அந்த வாரம் அந்த ஊரில் கைவினை மேளா நடந்தாலும் அதுவும் இந்த இரண்டு மணி நேரக் கணக்கில்தான் சேரும். இந்த வரிசை தவறு என்று நினைக்கிறேன். ஒரு வட்டாரத்தின் மண், தண்ணீர், மரம், வணிகப் பாதை, அங்கே வந்து குடியேறிய மக்கள் எல்லாமே அந்த வட்டாரத்தில் செய்யப்படும் பொருளில் பதிந்திருக்கின்றன. அதைப் படித்துக் காட்ட, செய்தவர் எதிரே இருக்க வேண்டும். கடைவீதியில் பெரும்பாலும் அவர் இருப்பதில்லை, மேளாவில் இருக்கிறார். ஆகவே பயணத்தில் ஒரு முழு நாளை, முடிந்தால் முதல் நாளையே, மேளாவுக்குக் கொடுப்பது நியாயம். அங்கே கேட்டுத் தெரிந்துகொண்டவை மற்ற நாள்களில் பார்க்கும் ஊருக்கும் அர்த்தம் கொடுக்கும்.

பித்ரி வேலைப்பாட்டை எடுத்துக்கொள்வோம். கர்நாடகத்தின் வடகோடியில் இருக்கும் பீதர், 15-ஆம் நூற்றாண்டில் பாமினி சுல்தான்களின் தலைநகரானது. பாரசீகத் தொடர்பால் அங்கே வேரூன்றிய உலோகக் கலைக்கு ஊரின் பெயரே பெயராயிற்று. துத்தநாகத்தோடு கொஞ்சம் செம்பு கலந்து வார்த்த குடுவையிலோ தட்டிலோ சிற்றுளியால் கொடிகளும் பூக்களும் செதுக்கி, அந்தப் பள்ளங்களில் வெள்ளிக் கம்பியையும் தகட்டையும் அடித்துப் பதிக்கிறார்கள். மெருகேற்றி முடித்ததும் எல்லாமே ஒரே வெண்சாம்பல் நிறத்தில் மின்னும். வெள்ளி எது, அடியுலோகம் எது என்று சட்டென்று தெரியாது. வெயிலும் மழையும் படாமல் கிடந்த பீதர் கோட்டையின் பழைய பகுதிகளிலிருந்து எடுத்த மண்ணை நவச்சாரத்தோடு நீரில் கலந்து, சூடேற்றிய பொருளில் தேய்க்கும்போதுதான் மாற்றம் நடக்கிறது. துத்தநாகம் நிரந்தரமாகக் கறுத்துவிடும், வெள்ளி மட்டும் அப்படியே நிற்கும். சரியான மண்தானா என்று நாக்கில் வைத்துப் பார்க்கும் வழக்கம் கைவினைஞர்களிடம் உண்டு. பீதர் கோட்டைக்குப் போகிற பயணி மதிலையும் மண்டபத்தையும் மசூதியையும் பார்த்துவிட்டு வந்துவிடலாம். காலடியில் இருக்கும் மண்ணுக்கே இப்படியொரு வேலை இருக்கிறது என்பதை அவருக்குச் சொல்லக்கூடியவர் பித்ரி செய்பவர்தான்.

இதைவிடத் தெளிவான சான்று குஜராத்தின் கட்ச் பகுதியில் இருக்கிறது. அஜ்ரக் என்னும் அச்சுத்துணியின் கருநீலமும் சிவப்பும் நம் ஊர்த் துணிக்கடைகளில் இப்போது நன்கு பழக்கமானவை. அந்த நிறங்கள் துணியில் ஏறும் வழி நீளமானது. ஆமணக்கெண்ணெயும் சோடாவும் ஒட்டகச் சாணமும் கலந்த நீரில் துணியை ஊறவைக்க வேண்டும், பிறகு கடுக்காய் நீரில் தோய்க்க வேண்டும். வெள்ளையாகவே நிற்க வேண்டிய இடங்களில் சுண்ணாம்பும் கோந்தும் கலந்த பசையை மரஅச்சால் ஒற்றுகிறார்கள். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் சேர்த்துப் புளிக்கவைத்த சாறு கறுப்பைத் தரும். படிகாரம் ஒற்றிய இடங்கள் சிவப்பை வாங்கிக்கொள்ளும். அவுரித் தொட்டியில் முக்கியெடுத்தால் நீலம். ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையில் அலசலும் வெயிலில் உலர்த்தலும் உண்டு. மொத்தத்தில் 14, 16 கட்டங்கள் வரை போகும். இத்தனைக்கும் ஆதாரம் தண்ணீர். சிந்துப் பகுதியிலிருந்து 16-ஆம் நூற்றாண்டில் வந்த கத்ரி குடும்பங்கள் தமட்கா என்ற ஊரில் குடியமர்ந்ததற்கே அங்கிருந்த ஆறுதான் காரணம். 2001 ஜனவரி 26 அன்று கட்சை உலுக்கிய நிலநடுக்கத்தில் தமட்கா இடிந்தது. அதன்பின் அங்கு கிடைத்த நீரில் இரும்பும் கூடிப்போயிருந்தது. கடுக்காயின் துவர்ப்போடு இரும்பு சேர்ந்தால் கறுக்கும். கறுப்பு வேண்டிய இடத்தில் அதுவே தொழில்நுட்பம், சிவப்பு துலங்க வேண்டிய இடத்தில் அதுவே கேடு. ஆகவே பல குடும்பங்கள் புஜ் நகருக்கு அருகில் நல்ல நீர் பார்த்து நிலம் வாங்கிப் புதிய ஊரையே அமைத்தார்கள். அதற்கு அஜ்ரக்பூர் என்று பெயர் வைத்தார்கள். ஒரு நிலநடுக்கம் நிலத்தடி நீரைக் கெடுத்ததும், அந்த நீர் ஒரு தொழிலையே பெயர்த்துக்கொண்டு போனதும் புஜ்ஜின் நினைவிடங்களில் மட்டும் தேடினால் முழுதாகக் கிடைக்காது. அஜ்ரக் விரித்து உட்கார்ந்திருப்பவரிடம், துணிக்கு எந்த ஊர்த் தண்ணீர் என்று கேட்டால் போதும்.

நம் பக்கத்துப் பொருள்களும் இதையே சொல்கின்றன. சுவாமிமலையில் மெழுகில் வடித்த உருவத்தின்மேல் ஸ்தபதிகள் பூசுவது காவிரியின் வண்டல் மண். அது அத்தனை நயமாக இருப்பதால்தான் மெழுகிலிருக்கும் நகக்கீறல்கூட வெண்கலத்துக்கு வந்து சேர்கிறது. பத்தமடைப் பாயின் மென்மைக்குத் தாமிரபரணிக் கரையின் கோரையும், அதை நாள்கணக்கில் ஊறவைக்கும் ஓடுநீரும் காரணம். பெங்களூரு மைசூரு சாலையில் சென்னபட்டணத்து மரப்பொம்மைக்காரர்கள் வெட்பாலை மரத்தைக் கடைசல் பிடித்து, சுழலும் மரத்தின் சூட்டிலேயே அரக்கை உருக்கிப் பூசி, தாழை ஓலையால் அழுத்தி மெருகேற்றுகிறார்கள். மெருகு எண்ணெய் தனியாக வேண்டியதில்லை. ஓலையே போதும்.

இங்கே ஒரு மறுப்பு வரும். காஞ்சிபுரத்துப் பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது, பீதர்க்காரர் வெள்ளியைச் சந்தையில்தான் வாங்குகிறார், சாயத்தொட்டிகளில் பல இடங்களில் செயற்கை அவுரி புகுந்துவிட்டது. பிறகு எப்படி இவற்றை மண்ணின் பொருள் என்பது? மறுப்பு சரியானது. ஆனால் அதனால் வாதம் விரிவடைகிறதே தவிர, உடைவதில்லை. எந்த வட்டாரமும் தனக்குள் மூடிக்கொண்டு இருந்ததில்லை. வெளியிலிருந்து வந்ததும், அங்கிருந்து வெளியே போனதும் அதன் வரலாறுதான். எகிப்தில் பழைய கெய்ரோவின் ஃபுஸ்தாத் பகுதியில் கிடைத்த இடைக்காலத் துணித்துண்டுகளில் குஜராத்தில் அச்சிட்டவை நிறைய இருக்கின்றன. மதுரைச் சுங்குடி இன்னும் நெருக்கமான உதாரணம். துணியைச் சிறு சிறு முடிச்சுகளாகக் கட்டிச் சாயத்தில் முக்கும் அந்த வேலையை மதுரைக்குக் கொண்டுவந்தவர்கள் சௌராஷ்டிர மக்கள். குஜராத்தில் ஒரு மேளாவில் பாந்தனித் துணியின் முடிச்சை அவிழ்த்துக் காட்டும் பெண்ணின் எதிரே நிற்கும் மதுரைக்காரருக்குத் தன் ஊர்த் தெருவின் பூர்விகம் அங்கே கண்முன் இருக்கிறது. அதைக் காட்ட ஒரு அருங்காட்சியகம் நீளமாக விளக்கம் எழுத வேண்டியிருக்கும்.

கைவினைஞர் தாமே உட்கார்ந்து விற்கும் சந்தை தானாக வந்துவிடவில்லை. வாரச்சந்தையும் கோயில் திருவிழாக் கடையும் பழையவை. அங்கே வாங்குபவரும் விற்பவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ஆலைப் பொருள்கள் அந்த உறவை அறுத்தபின், நகரத்து வாடிக்கையாளரையும் கிராமத்துக் கைவினைஞரையும் மறுபடி நேருக்கு நேர் உட்காரவைக்க ஒரு தலைமுறையே உழைத்தது. அவர்களில் முதல் பெயர் கமலாதேவி சட்டோபாத்யாய். 1952-இல் அமைந்த அகில இந்தியக் கைவினை வாரியத்துக்குத் தலைமை வகித்தவர் அவர். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1964-இல் தொடங்கிய இந்தியக் கைவினைக் கழகத்தை உருவாக்கியவரும் அவரே. 1987-இல் தொடங்கி ஆண்டுதோறும் பிப்ரவரியில் ஹரியானாவின் ஃபரீதாபாத்தில் நடக்கும் சூரஜ்குண்ட் மேளாவும், 1994-இல் டெல்லியில் திறக்கப்பட்ட டில்லி ஹாட்டும் அந்த எண்ணத்தின் தொடர்ச்சி. டில்லி ஹாட்டில் பெரும்பாலான கடைகள் யாருக்கும் நிரந்தரமில்லை. ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பழைய கைவினைஞர்கள் காலிசெய்ய, வேறு மாநிலத்திலிருந்து புதியவர்கள் வந்து விரிக்கிறார்கள். இந்தச் சுழற்சி முக்கியமானது. கடை நிரந்தரமானால் வியாபாரி நிரந்தரமாவார், செய்பவர் ஊரிலேயே தங்கிவிடுவார்.

சூரஜ்குண்டைப் பற்றிக் கடுமையாகவே ஒரு குறை சொல்வார்கள்: அது ஜோடனை. கட்ச் வீட்டின் வட்டக் குடிசையை ஹரியானாவில் கட்டி, நாட்டுப்புறக் கலைஞர்களை நாளெல்லாம் ஆடவைத்து, பல மாநிலங்களை ஒரே மைதானத்தில் அடுக்கிவைத்தால் அதில் எந்த ஊரைப் பார்க்க முடியும்? கூட்டமான ஞாயிற்றுக்கிழமை மதியம் போகிறவருக்கு இந்தக் குறை முழுக்கப் பொருந்தும். ஒரு கடை முன்னால் இரண்டு நிமிடம் நிற்கக்கூட இடம் இருக்காது. ஆனாலும் பெரிய மேளா செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு, அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. புத்தகத்தின் பொருளடக்கம் செய்யும் வேலை அது. எந்த ஊரில் என்ன இருக்கிறது, யாரைத் தேடிப் போகலாம் என்று ஒரே நாளில் காட்டிவிடுகிறது. அங்கே பேச்சுக் கொடுத்துப் பழகிய கைவினைஞரின் ஊருக்கு அடுத்த விடுமுறையில் போக முடிந்தால் மைதானத்து ஜோடனையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஊருக்குள்ளேயே நடக்கும் மேளாக்களும் இருக்கின்றன. மேற்கு வங்கத்தின் மேற்கு மேதினிபூர் மாவட்டத்தில், பிங்களாவுக்கு அருகில் நயா என்ற சிறிய கிராமம். அங்கே வாழும் பட்டுவா குடும்பங்கள் நீண்ட ஓவியச் சுருளை ஒவ்வொரு கட்டமாக அவிழ்த்தபடியே அந்தக் கதையைப் பாடுவார்கள். அவர்கள் முஸ்லிம்கள், பாடும் கதைகளில் ராமாயணமும் மனசா தேவியும் உண்டு. நவம்பரில் நடக்கும் போட் மாயா விழாவின்போது வீட்டுத் திண்ணைகளே கடைகளாகின்றன. நீலத்துக்குச் சங்குப்பூ, மஞ்சளுக்கு மஞ்சள், கறுப்புக்கு விளக்குக் கரி, ஒட்டுவதற்கு வில்வப்பழப் பிசின் என்று வண்ணத்துக்கு வேண்டியவை அந்த வீடுகளிலும் சுற்றிலுமே கிடைக்கின்றன. கோழிக்கோடு மாவட்டத்தில் வடகரைக்குப் பக்கத்தில் இரிங்கலில் இருக்கும் சர்காலயா கைவினைக் கிராமம் நமக்கு இன்னும் அருகில் இருக்கிறது. அங்கே பட்டறைகள் ஆண்டு முழுவதும் இயங்குகின்றன, டிசம்பர் இறுதியில் பெரிய விழாவும் நடக்கிறது.

போலிகள் பற்றிய குறை இதைவிடக் கனமானது. மேளாக்களில் விற்பவர்கள் எல்லாரும் செய்தவர்கள் இல்லை. மொத்தமாக வாங்கிவந்த வியாபாரிகளும், திரையச்சில் அடித்த துணியை அஜ்ரக் என்று விற்பவர்களும் கடை பிடிக்கிறார்கள். இதனால் ஏமாறுவது வாடிக்கையாளர் மட்டும் இல்லை. 16 கட்டம் உழைத்தவரின் விலையை ஒரே கட்டத்தில் அச்சடித்தவரின் விலையோடு மோதவிடுவதுதான் இதிலுள்ள பெரிய அநியாயம். புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-இல் நிறைவேறி 2003-இல் நடைமுறைக்கு வந்தது. அது பெயரைக் காக்கிறது, ஆனால் ஒவ்வொரு கடையிலும் விரித்திருக்கும் துணியை அதுவே வந்து சோதிக்காது. விதிகளைக் கண்டிப்பாக வைத்தால் மேளாவிலேயே இதைத் தடுக்க முடியும் என்பதற்கு அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் சாண்டா ஃபே நகரில் 1922 முதல் நடந்துவரும் பூர்வகுடிகள் சந்தை சான்று. அங்கே பூர்வகுடிக் கலைஞர்கள் தாங்களே செய்ததை மட்டுமே விற்கலாம். அதோடு, பூர்வகுடியினர் செய்யாததை அவர்கள் செய்தது என்று சொல்லி விற்பதை 1990-ஆம் ஆண்டுச் சட்டம் நாடு முழுவதும் குற்றமாக்கியிருக்கிறது. நம் மேளாக்களை நடத்துபவர்களும் கடை ஒதுக்கும்போது இந்த அளவு கண்டிப்பு காட்ட வேண்டும். மத்திய ஜவுளி அமைச்சகம் கைவினைஞர்களுக்கு அடையாள அட்டை வழங்குவதால் சரிபார்ப்பதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது.

அதுவரை பயணிக்கு இருக்கும் கருவி, கேள்வி. இந்தக் கறுப்பு எப்படி வந்தது, இந்த மரம் என்ன மரம், இந்த இடத்தில் அச்சு ஏன் லேசாக விலகியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். செய்தவர் பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு பேசத் தொடங்குவார். கைகள் அந்த வேலையின் அசைவைத் தாமாகவே காட்டும். மற்றவர் பெரும்பாலும் விலைக்கும் தள்ளுபடிக்கும் திரும்பிவிடுவார். துணியைத் திருப்பிப் பார்ப்பதும் உதவும். சாயத்தில் தோய்ந்த துணியில் நிறம் மறுபக்கமும் இறங்கியிருக்கும், திரையச்சு மேலோடு நின்றுவிடும். ஆனால் விற்பவர் செய்தவர் இல்லை என்று தெரிந்ததும் உடனே விலகிவிடுவதும் சரியில்லை. கட்ச் எம்பிராய்டரியைச் செய்பவர்கள் பெண்கள். குழந்தைகளையும் கால்நடையையும் விட்டு 1,000 கிலோமீட்டர் தாண்டி இரண்டு வாரம் வந்து தங்க எல்லாராலும் முடியாது. அண்ணனோ கணவரோ கூட்டுறவுச் சங்கத்துக்காரரோ வந்திருக்கலாம். யார் செய்தது, அவருக்கு எவ்வளவு போகும் என்று கேட்டால் நேர்மையானவர் பெயர் சொல்லியே பதில் தருவார்.

இன்னொரு எதிர்ப்பு கலை ரசிகர்களிடமிருந்து வரும். சந்தை கலையைக் கெடுக்கிறது, பயணிகளின் ரசனைக்காகச் செய்யத் தொடங்கினால் மரபு போய்விடும் என்பது அது. மதுபனி ஓவியத்தின் கதை இந்த எதிர்ப்புக்கு நேரடியான பதில். பீகாரின் மிதிலைப் பகுதிப் பெண்கள் திருமணத்தின்போது வீட்டுச் சுவரில் வரைந்த ஓவியங்களை வெளியுலகம் கவனித்தது 1934 நிலநடுக்கத்துக்குப் பிறகு, இடிந்த சுவர்களின் வழியாக, டபிள்யூ. ஜி. ஆர்ச்சர் என்ற ஆங்கிலேய அதிகாரியின் கண்ணில் பட்டபோது. 1960-களின் நடுவில் கடும் வறட்சி வந்தபோது அகில இந்தியக் கைவினை வாரியத்தின் சார்பில் புபுல் ஜெயகர், பாஸ்கர் குல்கர்னி என்ற கலைஞரை அங்கு அனுப்பினார். அவர் பெண்களிடம் காகிதத்தைக் கொடுத்துச் சுவரில் வரைவதை இதில் வரையச் சொன்னார். விற்பதற்காகவே நடந்த மாற்றம் அது. அதிலிருந்து எழுந்தவர்களில் ஒருவர் கங்கா தேவி. திருமணச் சுவரின் தாமரையையும் மூங்கிலையும் வரைந்த அதே கோட்டில் தன் அமெரிக்கப் பயணத்தையும், பின்னாளில் தனக்கு வந்த புற்றுநோயின் சிகிச்சையையும் அவர் வரைந்தார். சந்தை கொடுத்த காகிதம் இல்லாமல் அந்தப் படங்கள் இல்லை. நயா கிராமத்துச் சுருள்களிலும் 2004 சுனாமி இடம்பெற்றிருக்கிறது. நாகப்பட்டினத்திலும் மட்டக்களப்பிலும் நம் மக்கள் பட்ட துயரத்துக்கு வங்காளத்தில் ஒரு பாட்டு இருக்கிறது. மலிவாகக் கேட்கும் சந்தை கலையை மலிவாக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஒரே அளவு, ஒரே மயில், ஒரே யானை என்று குவிந்திருக்கும் கடைகளே அதற்குச் சாட்சி. ஆனால் அதற்கு மருந்து, செய்தவரிடம் நின்று பேசி, அவர் தனக்குப் பிடித்துச் செய்ததை எடுத்துக் காட்டச் சொல்லும் வாடிக்கையாளர்கள் கூடுவதுதான். அப்படிப்பட்டவர்கள் பெருகுவதற்கு மேளாவைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

விலை பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் பலரும் மேளாவிலிருந்து வெறுங்கையோடு திரும்புவதற்கு அதுவே காரணம். கடைவீதியில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்பார்கள். பாதி விலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் அதே பொருள் இல்லை. குஜராத்தின் பாட்டன் நகரில் நெய்யும் பட்டோலாப் புடவையில் பாவு நூலிலும் ஊடை நூலிலும் முன்கூட்டியே சாயமிட்டு, இரண்டும் குறுக்கிடும் இடத்தில் உருவம் சரியாக விழும்படி நெய்கிறார்கள். ஒரு புடவைக்கு ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகும். மேளாவுக்கு வரும் கைவினைஞர் பயணச் செலவும் தங்கும் செலவும் செய்து, பட்டறையில் வேலை நடக்காத நாள்களின் கூலியையும் இழந்துதான் நம் எதிரே உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் பாதி விலையில் தொடங்கிப் பேரம் பேசுவது அவரது நாள்களைக் கழிப்பதுதான். பேரமே கூடாது என்று நான் சொல்லவில்லை, சந்தை என்றால் பேச்சு இருக்கும். ஆனால் விலை கட்டுப்படியாகாவிட்டால் அதே கைவினைஞரின் சிறிய பொருளை வாங்குவது இருவருக்கும் மரியாதை. பெரிய பித்ரிக் குடுவை வேண்டாம், ஒரு சிறு டப்பா போதும். எதுவும் வாங்காமல் கேட்டுத் தெரிந்துகொண்டு வருவதிலும் தவறில்லை. கூட்டம் அதிகமான நேரத்தில் அவரது வியாபாரத்தை மறித்து நிற்காமல் இருந்தால் போதும்.

எல்லாம் கைப்பேசியில் வீட்டுக்கே வருகிற காலத்தில் இத்தனை சிரமம் எதற்கு என்றும் கேட்கலாம். கைவினைஞர்கள் பலர் இணையத்திலும் விற்கிறார்கள். மேளாவில் அறிமுகமானவரிடம் பிறகு கைப்பேசி வழியாகவே வாங்குவது அவருக்கும் நல்லது, நமக்கும் எளிது. ஆனால் முதல் அறிமுகத்தைப் படத்தால் செய்துவிட முடியாது. கோரைப் பாயைச் சுருட்டினால் எவ்வளவு சிறிதாகும், அரக்கு மெருகு விரலுக்கு எப்படி வழுக்கும், அவுரியின் வாசம் புதுத்துணியில் எத்தனை நாள் நிற்கும் என்பவை கையாலும் மூக்காலும் அறிய வேண்டியவை. தகவல் ஒருபக்கமாக மட்டும் போவதும் இல்லை. புடவை அகலம் போதவில்லை, பொம்மையின் முனை குழந்தையின் கையைக் குத்துகிறது, இந்த நிறம் இரண்டு சலவைக்குப் பின் மங்கியது என்று எதிரே நின்று சொல்லும் வாடிக்கையாளரிடமிருந்து கைவினைஞரும் கற்கிறார்.

போக நினைப்பவர்கள் மேளாவின் தேதியை முதலில் பார்த்துவிட்டு ரயில் சீட்டை அதன்பின் எடுப்பது நல்லது. பெரும்பாலும் நாம் செய்வது நேர்மாறாக இருக்கிறது. வார நாளின் காலை வேளையில் கைவினைஞர்களுக்குப் பேச நேரம் இருக்கும். முதல் சுற்றில் எதையும் வாங்காமல் எல்லாக் கடைகளையும் பார்த்துவிடலாம், இரண்டாவது சுற்றில் மூன்று நான்கு பேரிடம் மட்டும் உட்கார்ந்து பேசலாம். சில்லறையாகவே கொஞ்சம் பணம் வைத்துக்கொள்வது உதவும், மைதானங்களில் கைப்பேசிச் சிக்னல் கூட்டம் சேர்ந்ததும் படுத்துவிடும். மண்பாண்டம் வாங்கினால் அதை எப்படிக் கட்டித் தூக்கிப் போவது என்று செய்தவரிடமே கேளுங்கள். உடையாமல் அதை அங்கே கொண்டுவந்து சேர்த்தவர் அவர்தானே. அவரது ஊருக்குப் போகும் வழியையும் அப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்: எந்த ரயில் நிலையத்தில் இறங்க வேண்டும், எந்த மாதத்தில் மழை, எந்த நாள்களில் பட்டறை மூடியிருக்கும் என்று.